1,299 ரூபாய் வேதியியல் பெட்டியும் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியும்

முழுப் பரீட்சை லீவு விட்ட இரண்டாம் நாளே "போரடிக்குதுப்பா" ஆரம்பித்துவிட்டது. மகள் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள், கையில் போன் இல்லையென்றால் வீடே இடிந்து விழுந்த மாதிரி முகம். சரி, உருப்படியாக ஏதாவது செய்யட்டும் என்று ஆன்லைனில் ஒரு வேதியியல் சோதனைப் பெட்டி ஆர்டர் போட்டேன். 1,299 ரூபாய். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, நான் பார்த்த வரைக்கும் ஏறக்குறைய இதே சாமான்கள் நாலைந்து பெயர்களில் விற்பனைக்கு இருக்கின்றன, அதனால் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு எப்படியும் உதவும். மதிப்பெண் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: 5-க்கு 2. அந்த இரண்டில் ஒன்று டெஸ்ட் டியூபுக்கும் பிஹெச் தாளுக்கும் (எவ்வளவு அமிலம் என்று நிறத்தை வைத்து எண்ணாகச் சொல்லும் தாள்), இன்னொன்று இந்தப் பெட்டியால் எங்கள் வீட்டில் நடந்த மற்ற கூத்துகளுக்கு.

அட்டையில் "30-க்கும் மேற்பட்ட சோதனைகள்" என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தோம். எரிமலை மூன்று தடவை வருகிறது, சிவப்பு எரிமலை, பச்சை எரிமலை, இரட்டை எரிமலை. உண்மையாகத் தனித்தனி என்று சொல்லக்கூடியது பதினொன்றோ பன்னிரண்டோதான். உள்ளே இருந்தவை: ஆறு பிளாஸ்டிக் டெஸ்ட் டியூப், ஒரு சொட்டுக்குழாய், பிஹெச் தாள் 20, ஆப்ப சோடா, சிட்ரிக் ஆசிட் (ஈரம் பட்டுக் கல்லாகியிருந்தது), கலர் மூன்று, படிகாரம் 20 கிராம், மயில் துத்தம் 10 கிராம், ஈஸ்ட், வெண்காரம், பசை, ஒரு மெழுகுவர்த்தி, பெரியவர்கள் அளவில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, அதே அளவில் கையுறை. கண்ணாடியை மகளுக்கு மாட்டினால் மூக்கைத் தாண்டி வாய் வரைக்கும் இறங்குகிறது. கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும், தமிழ் இல்லை.

முதலில் மயில் துத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது சும்மா குறை சொல்வதற்காகச் சொல்வதல்ல. மயில் துத்தம், அதாவது காப்பர் சல்பேட், பார்க்க அழகாக, நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும். அதை ஒரு சாதாரண பிளாஸ்டிக் கவரில், மேலே ஒரு எண் மட்டும் ஒட்டி, கலர் பாக்கெட்டுகளோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். விழுங்கினால் விஷம் என்ற எச்சரிக்கை கவரில் இல்லை, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குத் தங்கையின் மூன்று வயதுப் பையன் அடிக்கடி வருவான், அதனால் அதை அன்றைக்கே பரண் மேல் ஏற்றிவிட்டேன். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள்களில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் முத்திரையைக் காணோம். வாங்கும் முன்பே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும், அது என் தப்பு.

எரிமலை. எல்லோருக்கும் தெரிந்ததுதான், சோடாவும் அமிலமும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் சோடாவுக்கு வேண்டிய அளவு அமிலம் கிடைத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் வாயு. நன்றாகப் பொங்கியது, குறையில்லை. ஆனால் கையேடு "நிஜ எரிமலையைப் போல வெப்பத்துடன்" என்று எழுதியிருக்கிறது. மகள் தொட்டுப் பார்த்துவிட்டு "ஐஸ் மாதிரி இருக்குப்பா" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. சிட்ரிக் ஆசிட்டும் சோடாவும் தண்ணீரில் சேரும்போது சுற்றிலும் இருக்கிற வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கிண்ணம் சில்லென்று ஆகும். சோதனையைச் செய்து பார்க்காமலே எழுதிய கையேடு என்று எனக்கு முதல் சந்தேகம் வந்தது அங்கேதான். அப்புறம் நாங்களாகவே ஒன்று செய்தோம்: ஒரு ஆழமான பாத்திரத்தின் அடியில் அகல் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, பக்கத்துச் சொம்பில் சோடாவையும் அமிலத்தையும் பொங்கவிட்டு, நுரை அடங்கியதும் சொம்பை மெதுவாகச் சாய்த்தோம், தண்ணீர் ஒரு சொட்டு விழாமல், வெறும் காற்றை ஊற்றுகிற மாதிரி. விளக்கு அணைந்தது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், அதனால் தண்ணீர் போலவே கீழே இறங்கி விளக்கைச் சூழ்ந்துவிடும். இதற்கு மகள் போட்ட கூச்சல் மூன்று எரிமலைக்கும் சேர்த்துப் போட்டதைவிடப் பெரிது. கையேட்டில் இது இல்லை.

அடுத்து "மாயப் பொடி". 5 கிராம் பாக்கெட், நிறம் மாறும் மந்திரப் பொடி என்று பெயர். கவரைப் பிரித்ததும் அம்மா அடுக்களையிலிருந்தே மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா, மஞ்சப்பொடி வாசம் வருது?"

"இது மந்திரப் பொடியாம் அப்பாயி" என்று மகள் நீட்டினாள்.

"மந்திரமாவது மாங்காயாவது, இது விரலி மஞ்சள். இதுக்கு ஒரு கவரு, ஒரு பேரு!" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அந்தப் பொடியைப் போட்டு, தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டுக் கரைத்தார். ரத்தச் சிவப்பு. ஆரத்தி. மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று வாசலில் சுற்றியதும் இதேதான், அவளுக்குத்தான் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு நேரெதிரானது) பட்டால் செம்பழுப்பாக மாறும். சுண்ணாம்பு நல்ல காரம். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டி, அவசரத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறை திடீரென்று சிவப்பதும் இதனால்தான். ஆரத்தித் தட்டில் மகள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள், சிவப்பு போய் மறுபடி மஞ்சள். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. அரை மணி நேரம் இப்படியே போனது. பிறகு மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காகிதத்தில் சோப்புத் தண்ணீரால் எழுதி எனக்கு ரகசியக் கடிதங்கள் வந்தன, எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை, ஐஸ்கிரீம்.

கையேடு அடுத்த சோதனைக்குச் சிவப்பு முட்டைகோஸ் வாங்கச் சொல்கிறது. எங்கள் தெரு காய்கறி வண்டிக்காரரிடம் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். வேலியில் சங்குப்பூ இருக்கிறதே! பத்துப் பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலம், எலுமிச்சை விட்டால் ஊதா, சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். முட்டைகோசிலும் சங்குப்பூவிலும் வேலை செய்வது அந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்து நிறமிகள்தான். இந்த இடத்தில் பெட்டியில் இருந்த பிஹெச் தாள் நிஜமாகவே கைகொடுத்தது. பூச்சாறு எந்த எண்ணில் எந்த நிறம் காட்டுகிறது என்று மகள் ஒப்பிட்டு, டெஸ்ட் டியூபுகளை வரிசையாக நிறுத்தி ஒரு அட்டவணை போட்டாள். புளித்தண்ணீர், மோர், போர் தண்ணீர், ஷாம்பு, என் காபி, எதையும் விட்டுவைக்கவில்லை. 20 தாளும் இரண்டே நாளில் காலி. 100 தாள் கொடுத்திருக்கலாம், எரிமலை அச்சை எடுத்துவிட்டு.

யானைப் பற்பசை என்று இணையத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நுரை கூரையைத் தொடும். அட்டைப் படத்திலும் அப்படித்தான். ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடை நாமே மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம், இது விளம்பரத்தில் எங்கேயும் இல்லை. கடையில் கிடைப்பது 6 சதவீதக் கரைசல், பாட்டிலில் "20 வால்யூம்" என்று போட்டிருக்கும், அதாவது ஒரு பங்கு கரைசலிலிருந்து இருபது பங்கு ஆக்சிஜன் வரும், 100 மி.லி. பாட்டிலுக்கு 2 லிட்டர். கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த ஈஸ்ட்டை ஊற்றினோம். நுரை வந்தது, பாட்டில் வாய் வழியாகச் சோம்பேறித்தனமாக வழிந்து, மேசையில் ஒரு சாண் தூரம் ஊர்ந்தது. மகள் என்னைப் பார்த்தாள், நான் கையேட்டைப் பார்த்தேன். இணையத்தில் பீறிட்டு அடிக்கிறதே, அதற்கெல்லாம் 30 சதவீதம் அளவுக்குச் செறிவான பெராக்சைடு வேண்டும், அது தோலில் பட்டால் வெந்து வெளுத்துப்போகும், வீட்டுப் பக்கமே வரக்கூடாது. அட்டையில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு உள்ளே இந்தச் சோதனையைக் கொடுப்பது ஏமாற்று வேலை.

ஆனால் சோதனை மோசமில்லை, சொல்லிக்கொடுத்த விதம்தான் மோசம். ஈஸ்ட்டில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும், அப்போது வெப்பமும் வெளிவரும், பாட்டிலைத் தொட்டால் சூடு தெரியும். வருவது ஆக்சிஜன்தான் என்று எப்படி நம்புவது? சாமி மாடத்திலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்து, கனல் முனையை அந்த நுரைக்குள் கொண்டுபோனோம், சட்டென்று பளீரென்று ஒளிர்ந்தது, ஒரு தடவை சுடரே பிடித்தது. அப்புறம் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் பெராக்சைடில் போட்டோம், புசுபுசுவென்று குமிழி. வேகவைத்த துண்டைப் போட்டோம், ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கிலும் அதே நொதி உண்டு, வெந்தால் செத்துவிடும். சின்ன வயதில் முட்டியில் அடிபட்டால் டாக்டர் ஊற்றும் மருந்து நுரைக்குமே, அது கிருமி சாகிற சத்தம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த மருந்தும் இதே பெராக்சைடுதான், நம் ரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கிற இந்தக் கேட்டலேஸின் வேலைதான் அந்த நுரை.

படிகாரப் படிகம் வளர்க்கும் சோதனை எங்கள் ஊரில் நடக்கவே நடக்காது. 20 கிராம் படிகாரத்தை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து, "அறை வெப்பநிலையில் ஒரு இரவு" வைக்கச் சொல்கிறது. 20 டிகிரியில் 100 மி.லி. தண்ணீரில் சுமார் 14 கிராம் படிகாரம் கரையும், 50 டிகிரியில் 36 கிராமுக்கு மேல். அதாவது தண்ணீர் நன்றாக ஆறினால்தான் கரைய முடியாத மிச்சம் படிகமாக வெளியே வரும். திருச்சியில் ஏப்ரல் மாதம் அறை வெப்பநிலை என்ன என்று அந்தக் கையேட்டை எழுதியவருக்குத் தெரியுமா தெரியவில்லை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எங்கள் சமையலறைச் சுவர் சுடும். மறுநாள் காலையில் டம்ளரில் வெறும் தண்ணீர், அழாத குறையாக மகள்.

அன்று சாயங்காலமே பெரிய கடை வீதிக்குப் போய், ஒரு நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ படிகாரம் கேட்டேன். "திருஷ்டிக்கா, தண்ணி தெளியவா?" என்றார் கடைக்காரர். இரண்டுமில்லை, படிகம் வளர்க்க என்றதும், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நல்ல தெளிவான கட்டியாகப் பொறுக்கி நிறுத்துக் கொடுத்தார். சூடான தண்ணீரில் இனிக் கரையாது என்கிற வரைக்கும் கரைத்து, வடிகட்டி, அடியில் உருவான குட்டிப் படிகங்களில் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வாயை மெல்லிய துணியால் மூடி அலமாரியில் வைத்தோம். ஆறுவதை நம்பாமல், தண்ணீர் ஆவியாவதை நம்பினோம், அதற்கு எங்கள் ஊர் வெயில் வஞ்சனையில்லாமல் ஒத்துழைத்தது. பத்து நாளில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கல், எட்டு முகம், பட்டை தீட்டினது போல விளிம்பு. நூல் கற்கண்டைக் கடித்தால் நடுவில் நூல் வருகிறதே, அது ஏன் என்று மகளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கையேட்டின் மிகப் பெரிய பிழை மெழுகுவர்த்திச் சோதனையில். தட்டில் கலர் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது" என்பது கையேட்டின் விளக்கம், நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன், காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு நிரூபணம் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். மூன்றாவது தடவை செய்யும்போது மகள் கேட்டாள்: "அப்பா, எரியும்போது தண்ணி ஏறலையே, அணைஞ்ச பிறகுதானே மளமளன்னு ஏறுது?"

உட்கார்ந்து கவனித்தால் ஆமாம். ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுவதானால் எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும். டம்ளரைக் கவிழ்த்த உடனே விளிம்பில் சில குமிழிகள் வெளியேறுவதையும் பார்த்தோம். சுடர் காற்றைச் சூடாக்கி விரிய வைக்கிறது, கொஞ்சம் காற்று வெளியே போய்விடுகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பெரும்பங்கு இதுதான். ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதும் இல்லை, 21 சதவீதத்திலிருந்து 16 வாக்கில் இறங்கினாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும், எரிந்ததற்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் உள்ளேயே இருக்கிறது. சோதித்துப் பார்க்க மூன்று மெழுகுவர்த்தியை ஒட்டி நிறுத்தி அதே டம்ளரைக் கவிழ்த்தோம். டம்ளர் அதேதான், உள்ளே ஆக்சிஜனும் அதே அளவுதான், தண்ணீர் மட்டும் முன்பைவிட உயரமாக ஏறியது. நாற்பது வயதில் என் பரீட்சை மார்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

மெழுகுவர்த்தி இருக்கும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்குப் பெட்டியே வேண்டாம். சுடரை ஊதி அணைத்ததும் மேலே எழும் வெள்ளைப் புகையில், திரியைத் தொடாமல், ஒரு தீக்குச்சியைக் காட்டினால் தீ புகை வழியாகக் கீழே ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை மெழுகின் ஆவிதான், எரிவதும் அந்த ஆவிதான். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில், 1860 குளிர்காலத்தில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களை உட்காரவைத்து ஒற்றை மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார், இந்த வித்தையையும் அதில் காட்டினார். ஆறு நாள்! இந்தக் கையேடு மெழுகுவர்த்திக்கு ஒதுக்கியது அரைப் பக்கம், அதுவும் தப்பு.

மற்றவை சீக்கிரம். ஸ்லைம்: பசையில் இருக்கும் நீண்ட சங்கிலிகளை வெண்காரம் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதால் கொழகொழப்பு வருகிறது, சோபாவில் ஒட்டினால் போகாது, அவ்வளவுதான். மென்டோசைக் கோக்கில் போடுவதை வேதிவினை என்று கையேடு சொல்கிறது, மிட்டாயின் சொரசொரப்பில் ஏற்கெனவே கரைந்திருந்த வாயு குமிழியாகத் திரண்டு வெளியேறுகிறது, புதிதாக எதுவும் உண்டாவதில்லை. துத்தக் கரைசலில் இரும்பு ஆணி, இது மட்டும் நான் பக்கத்திலேயே இருந்து செய்தேன், சில நிமிடங்களில் ஆணியின் மேல் செம்பு படிகிறது, அருமையாக இருந்தது. மிச்சக் கரைசலை என்ன செய்வது என்று கையேடு வாயே திறக்கவில்லை.

பெட்டியில் இல்லாத, ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்று: சோற்றுக் கஞ்சியில் இரண்டு சொட்டு பெட்டாடைன் (காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து). கருநீலம், மை போல. மாவுச்சத்தின் சுருள்களுக்குள் அயோடின் நுழைந்துகொள்வதால் வரும் நிறம். சூடாக்கினால் நிறம் மங்கும், ஆறினால் திரும்பும். எலுமிச்சைச் சாறு விட்டால் நிறமே போய்விடும், அதிலிருக்கும் வைட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றிவிடுகிறது. எத்தனை சொட்டில் நிறம் போகிறது என்று எண்ணினால் எதில் வைட்டமின் சி அதிகம் என்று ஒப்பிடலாம், எங்கள் கணக்கில் நெல்லிக்காய் எலுமிச்சையை ஊதித் தள்ளியது. கஞ்சி போட்ட வேட்டிப் பக்கம் மட்டும் பெட்டாடைனைக் கொண்டு போகாதீர்கள். அனுபவம்.

நாட்டு மருந்துக் கடை, மளிகை, மருந்துக் கடை மூன்றிலும் சேர்த்து நான் தனியாகச் செலவழித்தது 260 ரூபாய் சொச்சம். டெஸ்ட் டியூபும் பிஹெச் தாளும் தனியாக வாங்கினாலும் 500 தாண்டாது. நேரம் சுத்தமாக இல்லாதவர்கள், பிறந்தநாள் பரிசுக்குப் பளபளவென்று ஏதாவது வேண்டும் என்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், துத்தத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கூடவே ஒரு பெரியவர் உட்கார்ந்தால் சரி. திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன், கவர் பிரித்தது செல்லாது என்றார்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் வீணாகவில்லை. அம்மாவுக்கு அளவாக இருக்கிறது, சின்ன வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் மாட்டிக்கொள்கிறார்.